ஒரு நிலாவுக்கு ஒரு குதிரை

கிசில்-தெரெக் கிராமம், இசிக்குல் ஏரியின் தென்கரை
3 ஜூன் 1957

என் அருமை மகள் ஜீபெக்குக்கு,

அப்பா எழுதுவது. நான், உன் அம்மா, இரண்டு பசு, ஏழு ஆடு எல்லோரும் நலம். வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு குதிரையும் நலம். குதிரை எப்படி வந்தது என்கிறாயா? உன்னால்தான் வந்தது.

உன் தந்தியை நாலு தடவை படித்தேன். ஏழாம் வகுப்புப் படிப்புக்கு எந்தத் தந்தியும் ஒரே தடவையில் புரிவதில்லை. மாஸ்கோ விழாவுக்குத் தேர்வு, அதுவும் தனிப்பாடல்! உலகத்து இளைஞர்கள் எல்லாம் கூடுகிற இடம். அங்கே என் ரேடியோ அறை பெஞ்சில் தூங்கி வளர்ந்த பெண் பாடப்போகிறாள். மைக்கைத் திருகினால் ஊரிலுள்ள அத்தனை வீட்டுச் சுவரிலும் தொங்குகிற கறுப்புத் தட்டு பேசும். அதுதான் என் உத்தியோகமே. ஆனால் அந்த நேரத்தில் மைக் இருப்பதே மறந்துபோய்க் காலால் ஓடினேன்.

பால் பண்ணை வாசலில் கூட்டம். இறைச்சியிலும் பாலிலும் அமெரிக்காவைத் தாண்ட வேண்டும் என்று போன மாதம் மேலிடத்தில் சொன்னார்கள் அல்லவா? அன்றிலிருந்து நம் பண்ணைத் தலைவர் ராயிம்பெக் தினமும் காலையில் மாடுகளுக்கு அதை எடுத்துச் சொல்லி வருகிறார். அன்றும் குதிரைமேல் உட்கார்ந்தபடி சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் கண்ணில் பட்ட முகம் அவருடையது. "சுயுஞ்சி! தலைவரே, சுயுஞ்சி!" என்று கத்திவிட்டேன். நல்ல சேதி கொண்டுவந்தவன் அப்படிக் கத்தினால், கேட்டவர் கையில் இருப்பதைக் கொடுக்காமல் போக முடியுமா?

"என்னய்யா ஒமுர்குல், அமெரிக்கா தோத்துடுச்சா?" என்றார்.

"அதைவிடப் பெரிசு தலைவரே. எங்க ஜீபெக் மாஸ்கோவுல பாடப்போறா!"

அவர் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக இறங்கிக் கடிவாளத்தை என் கையில் வைத்தார். சேணத்தோடு! "நம்ம பொண்ணுன்னா சும்மாவா?" என்றார். பால் கறக்கும் பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சாம்பல் நிறப் பெண் குதிரை. குட்டியும் பின்னாலேயே ஓடி வந்தது. இனிமேல் நமக்குச் சொந்தக் குதிரைப்பால்.

வீட்டுக்கு ராஜா மாதிரி வந்து சேர்ந்தேன், இரண்டு தடவை வழுக்கினாலும். உன் அம்மா குதிரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மாவு பிசையப் போய்விட்டாள். பொறாமையாக இருக்கும்.

உன் அப்பா,
ஒமுர்குல்


ஃப்ரூன்சே நகரம்
14 ஜூன் 1957

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நானும் நாலு தடவை படித்தேன். பத்தாம் வகுப்பு முடித்தவளுக்கும் புரியவில்லை, ஒருவர் இப்படிக்கூடச் செய்வாரா என்று.

சுயுஞ்சி யாரிடம் கேட்பார்கள்? யாருடைய சந்தோஷமோ அவரிடம். பிள்ளை பிறந்தால் அதன் தகப்பனிடம். சிப்பாய் திரும்பி வந்தால் அவன் தாயிடம். என் சேதிக்கு ராயிம்பெக்கிடம் போய்க் கேட்டால் என்ன அர்த்தம்? நான் அவர் வீட்டுக்குப் போகிறவள் என்று அர்த்தம். அதை நீங்களே, பால் பண்ணை முழுக்கக் கேட்க, உங்கள் வாயால் சொல்லியிருக்கிறீர்கள். அவர் "நம்ம பொண்ணு" என்று சொல்லிக் குதிரையைக் கொடுத்திருக்கிறார். நீங்கள் வாங்கிக்கொண்டும் வந்துவிட்டீர்கள். அவர் மகன் கெங்கெஷுக்கு என்னைக் கேட்க அந்த வீட்டம்மா இரண்டு வருஷமாக அம்மாவைச் சுற்றி வருகிறார் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியாது. அம்மா பொறாமையால் மாவு பிசையவில்லை அப்பா.

இந்தப் பாட்டு எனக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? மே மாதம் நகரம் முழுக்கச் சளிக்காய்ச்சல். தையல் ஆலையில் பாதித் தறி, மன்னிக்கவும், பாதி மெஷின் காலி. கோபத்தில் கை தடுமாறுகிறது. எங்கள் ஆலைப் பாட்டுக் குழுவின் தனிப்பாடகியும் படுத்துவிட்டாள். "யாருக்கு முழுப் பாட்டும் தெரியும்?" என்று கேட்டார்கள். கடைசி வரிசையிலிருந்து நான் கை தூக்கினேன். யாரும் என்னைத் தூக்கி முன்னால் வைக்கவில்லை. நானே நடந்து போனேன். இனிமேலும் எங்கே போவதென்றாலும் நானேதான் நடந்து போவேன், குதிரைக்குப் பின்னால் ஓடும் குட்டி மாதிரி அல்ல.

குதிரையைத் திருப்பிக் கொடுங்கள்.

ஜீபெக்


கிசில்-தெரெக்
27 ஜூன் 1957

மகளே,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "குதிரையைப் பார்த்தா உங்களுக்குக் குதிரை மட்டும்தான் தெரியும். அதுக்குப் பின்னாடி வர்ற மாப்பிள்ளை தெரியாது" என்றாள். அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றால், "சொன்னா மட்டும்?" என்கிறாள்.

திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டே போனேன். "தலைவரே, சேதி சரி, நான் கேட்ட ஆள்தான் தப்பு." இவ்வளவுதான் பேச்சு. குதிரைக்குச் சொல்லிப் பார்த்தபோது நன்றாக வந்தது.

அவர் வாசலில் நின்றார். "என்ன ஒமுர்குல்?" என்றார். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "குதிரைக்கு எங்க வீட்டுப் புல்லு பிடிக்கல தலைவரே."

"அட, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே?" என்றார். சாயங்காலமே இரண்டு வண்டி நல்ல புல் வந்து இறங்கிவிட்டது. நான் கிளம்பும்போதே உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா, "சம்பந்தி வீட்டுக் குதிரை இளைச்சா நமக்குத்தானே அவமானம்" என்றார். அறுவடை முடிந்ததும் கம்மல் போட வருகிறார்களாம். கம்மல் போட்டுவிட்டால் நிச்சயதார்த்தமே முடிந்தது என்று உனக்கே தெரியும்.

கெங்கெஷ் தூரக் கிழக்கே சிட்டா என்ற ஊரில் பட்டாளத்தில் இருக்கிறான். அவனிடமும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதில் மட்டும் நீங்கள் இரண்டு பேரும் சரி சமம்.

ரேடியோவில் உலகத்துக்கே தைரியம் சொல்கிற உன் அப்பன்,
ஒமுர்குல்


மாஸ்கோ
9 ஆகஸ்ட் 1957

அப்பாவுக்கு,

நீங்கள் முடிக்காத வேலையை நான் முடித்துவிட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விழா. திறந்த லாரிகளில் நாடு நாடாகப் போனோம். இரு பக்கமும் ஜனங்கள் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கிக் குலுக்கி என் வலது தோளை இரண்டு நாள் தூக்க முடியாமல் போயிற்று. கூரை, மரம், விளக்குக் கம்பம் எல்லாவற்றிலும் ஆட்கள். இதுவரை ஒரு வெளிநாட்டுக்காரரைக்கூடப் பார்க்காத ஊர் ஒரே வாரத்தில் எல்லோரையும் பார்த்துவிட வேண்டும் என்று துடித்தது. கறுப்பர்கள், பிரெஞ்சுக்காரர்கள், தெருவில் ஊதுகுழல் வைத்து இடுப்பை ஆட்டுகிறவர்கள்! எங்கள் குழுத் தலைவி கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். விரலிடுக்கில் பார்த்தோம். அவளும் பார்த்தாள்.

எனக்குக் கொடுத்த பாட்டு சர்க்கரை பீட்ரூட் பற்றியது. பாடினேன், கை தட்டினார்கள். இன்னொன்று என்றார்கள். இன்னொன்றுக்கு அனுமதி இல்லை. ஆனால் முன் வரிசையில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு குளிர்காலத்துக்கு முன் நம் ஊருக்குப் பட வண்டி வந்ததே, நீங்கள் ஆறு நாள் தொடர்ந்து பார்த்து ஆறு நாளும் தொப்பியால் கண்ணைத் துடைத்தீர்களே, அந்த இந்தியப் படத்துப் பாட்டைப் பாடிவிட்டேன். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. அவர்கள் எழுந்து நின்று கூடவே பாடினார்கள். முடிந்ததும் புடவை கட்டிய ஒரு பெண் மேடைக்கே ஏறி வந்து என்னைக் கட்டிக்கொண்டு சிரி சிரி என்று சிரித்தாள். பாதி வார்த்தை நானே உண்டாக்கியதாம்! தன் கையிலிருந்த கண்ணாடி வளையலைக் கழற்றி எனக்குப் போட்டாள். யாரோ படம் பிடித்தார்கள். குழுத் தலைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. போகட்டும்.

இப்போது முக்கியமானது. நேற்று மாஸ்கோ முடிதிருத்தகத்துக்குப் போய் இரண்டு பின்னலையும் வெட்டிக்கொண்டேன். காது வரைதான் முடி. பின்னல்களைப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். ராயிம்பெக் வீட்டம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மொட்டைத் தலையும், அனுமதியில்லாத பாட்டும், கையில் யாரோ போட்ட வளையலுமாக இருக்கிற பெண்ணை எந்த மாமியார் கேட்பாள் என்று பார்க்கிறேன்.

ஜீபெக்


கிசில்-தெரெக்
29 ஆகஸ்ட் 1957

மகளே,

எந்த மாமியார் கேட்பாள் என்றாயே, ராயிம்பெக் வீட்டம்மா கேட்கிறார்.

பொட்டலத்தைப் பிரித்ததும் உன் அம்மா அழுதாள். நான் அழவில்லை, தொப்பி பக்கத்தில் இல்லை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு பின்னல்களோடு அந்த வீட்டுக்குப் போனேன். "பாருங்கம்மா, பொண்ணு இப்படி ஆயிட்டா" என்று முகத்தைத் தொங்கப்போட்டேன். நன்றாகத்தான் நடித்தேன்.

அந்த அம்மா பின்னலை எடை பார்த்தார். "மாவட்டச் செயலாளர் பொண்டாட்டியும் இப்படித்தான் வெட்டியிருக்கா. நம்ம மருமக புதுக்காலத்துப் பொண்ணு!" என்றார். தலைவர் உள்ளே போய்ச் செய்தித்தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். நீயும் அந்தப் புடவைக்காரியும் சிரிக்கிற படம்! அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகத்தில், பால் கறப்பு அட்டவணைக்கு மேலே மாட்டிவிட்டார். வருகிற அதிகாரிகளுக்கெல்லாம் "எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு" என்று காட்டுகிறார். நீ ஒவ்வொரு தடவை அவர்களை உதைக்கும்போதும் உன் விலை ஏறுகிறது.

அக்டோபர் ஆறு, ஞாயிற்றுக்கிழமை, கம்மல் போட நாள் குறித்துவிட்டார்கள். உனக்கு லீவு கேட்டு ஆலைக்குத் தலைவரே எழுதுவாராம்.

ஒன்று சொன்னால் கோபிக்காதே. கெங்கெஷ் மோசமான பையன் இல்லை. குடிப்பதில்லை. வீடு பெரிய வீடு. பெண் எப்படியும் ஒரு வீட்டுக்குப் போகத்தானே வேண்டும் என்கிறாள் அம்மா. நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்காதே. நினைப்பதற்கு எனக்கு எப்போதும் கொஞ்சம் நேரமாகும்.

அப்பா


ஃப்ரூன்சே
14 செப்டம்பர் 1957

ரேடியோ அறை, ஒமுர்குல் அவர்களுக்கு,

கம்மலைக் கொண்டு வரலாம். காது வராது.

நீங்கள் நினைத்து முடிக்கும்வரை நான் காத்திருக்க முடியாது. கெங்கெஷ் நல்லவனா கெட்டவனா என்று நான் கேட்கவே இல்லை. அவன் தங்கமாகவே இருக்கட்டும். நான் இன்னும் ஒருவருக்கும் சம்மதம் சொல்லவில்லை. எனக்காக நீங்கள் சொல்லிவிட்டீர்கள், அதுவும் ஓடி வந்த மூச்சிரைப்பில்.

இருபது வருஷமாக உலகத்துச் சேதி எல்லாவற்றையும் மைக்கில் சொல்கிறீர்கள். சூயஸ் கால்வாய் சொன்னீர்கள், காய்ச்சல் சொன்னீர்கள், அமெரிக்காவின் பால் கணக்குக்கூடச் சொல்கிறீர்கள். உங்கள் மகள் மாட்டேன் என்று சொன்னாள் என்பதை மட்டும் மூன்று மாதமாக ஒரே ஒரு ஆளிடம் உங்களால் சொல்ல முடியவில்லை.

அந்தக் குதிரை நம் முற்றத்தில் நிற்கும்வரை நான் அந்த வாசலை மிதிக்க மாட்டேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம்.

ஜீபெக்


கிசில்-தெரெக்
7 அக்டோபர் 1957

ஜீபெக்,

பதில் வேண்டாம் என்றாய். மூன்று வாரம் உன் பேச்சைக் கேட்டேன். இன்றைக்கு முடியவில்லை.

நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு முன்னால் ரேடியோ அறையைத் திறந்து காதில் கேட்பானை மாட்டினேன். மாஸ்கோ பேசுகிறது. என்னவோ சொல்கிறார்கள், வழக்கமான குரல் இல்லை. நம் நாட்டிலிருந்து ஒரு நிலாவைச் செய்து வானத்தில் விட்டிருக்கிறார்களாம், பூமியைச் சுற்றுகிறதாம். பிறகு அதன் சத்தத்தையே போட்டார்கள்: பீப், பீப், பீப். முட்டைக்குள்ளிருந்து குஞ்சு கூப்பிடுவதைப் போல இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் உள்ளே வந்தார். மறுநாள் கம்மல் விருந்துக்கு ஆடு வெட்டுவதை மைக்கில் சொல்லத்தான் வந்தார். மாவட்டத்திலிருந்து பால் கறப்பைப் பார்க்க வந்த அதிகாரியும் கூடவே இருந்தார். நான் கேட்பானைக் கழற்றித் தலைவர் காதில் வைத்தேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. என்னைத் தள்ளிவிட்டு மைக்கைப் பிடுங்கினார். அவருக்கு எப்போதும் எதிலும் முதல் ஆளாக இருக்க வேண்டும். "சுயுஞ்சி! ஜனங்களே, எல்லாருக்கும் சுயுஞ்சி! நம்ம நிலா வானத்துல ஏறிடுச்சு!" என்று கத்தினார். ஊரிலுள்ள அத்தனை கறுப்புத் தட்டும் கத்தின.

அப்போதுதான் மகளே, ஏழாம் வகுப்பு மூளைக்கு ஒன்று உறைத்தது. இது யார் வீட்டுச் சந்தோஷம்? எல்லோர் வீட்டுச் சந்தோஷம். அப்படியானால் என் வீட்டுச் சந்தோஷமும்தான். சேதி கொண்டுவந்தவர் யார்? ராயிம்பெக். சுயுஞ்சி கொடுக்க வேண்டியவன் யார்?

வீட்டுக்கு ஓடினேன். அம்மா, "எங்க ஓடுறீங்க? செருப்பாவது போடுங்க" என்றாள். குதிரையை அவிழ்த்தேன், அதே சேணத்தை வைத்தேன். குட்டியும் பின்னால் வந்தது, இப்போது பாதிக் குதிரையாகிவிட்டது. அலுவலக வாசலில் ஊரே கூடி நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, பகலில் தெரியுமா என்று. நான் நேராகப் போய்க் கடிவாளத்தைத் தலைவர் கையில் வைத்தேன்.

"உங்க சுயுஞ்சி, தலைவரே."

அவருக்கு முதலில் புரியவில்லை. "இது நான் குடுத்த குதிரைதானே?"

"ஆமா. நீங்க மாஸ்கோ சேதிக்குக் குடுத்தீங்க. நான் வானத்துச் சேதிக்குக் குடுக்கிறேன். இதைவிடப் பெரிசா எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"வெளையாடாதே ஒமுர்குல். நாளைக்கு என்ன நாள்னு மறந்துட்டியா?"

ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஒளிக்க மாட்டேன், செருப்பும் இல்லை, தரையோ பனி. ஆனால் ஜூன் மாதம் குதிரையிடம் மட்டும் சொன்ன பேச்சு வாயில் அப்படியே இருந்தது. "மறக்கல தலைவரே. அன்னைக்கு என் பொண்ணு சேதிக்கு உங்ககிட்ட சுயுஞ்சி கேட்டேன். அது என் தப்பு. அது உங்க வீட்டுச் சந்தோஷம் இல்ல, என் வீட்டுது. நான் கூப்பிட்ட வாசல் தப்பு. ஜீபெக் மாட்டேன்னு சொல்றா. ஜூன் மாசத்துலேருந்தே சொல்றா. உங்ககிட்ட சொல்ல எனக்குத்தான் தைரியம் வரல. நாளைக்குக் கம்மல் கொண்டு வராதீங்க."

தட்டில் மட்டும் பீப், பீப். தலைவர் கடிவாளத்தை என்னிடம் நீட்டினார். "எனக்கு வேண்டாம், கொண்டு போ."

அப்போது கூட்டத்திலிருந்து கிழட்டு மேய்ப்பன் துர்தகுன், உனக்குத் தெரியுமே, எப்போதும் குதர்க்கம் பேசுவாரே, அவர் சொன்னார்: "சுயுஞ்சியை வேண்டாம்னா சேதி கெட்டுப்போகும்ப்பா. ராயிம்பெக்கு, அந்த நிலா கீழ விழுந்தா நீதான் பதில் சொல்லணும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாவட்ட அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை, தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டின் நிலாவுக்கு வந்த பரிசை வேண்டாம் என்று சொன்னவர் என்று பெயர் வாங்க ராயிம்பெக்குக்குப் பைத்தியமா? கடிவாளத்தைச் சுற்றிக் கையில் பிடித்தார். "நன்றி ஒமுர்குல்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. விருந்துக்கு வெட்டிய ஆட்டை நிலா பேரில் ஊர் சாப்பிட்டது. உன் படம் இருந்த இடத்தில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. புத்தாண்டிலிருந்து ரேடியோ அறைக்கு வேறு ஆளாம். என்னைக் குளிர்கால ஆட்டுப்பட்டிக்கு அனுப்புகிறார்கள். போகிறேன். ஆடுகள் இருபது வருஷமாக என் குரலைக் கம்பத்து ஒலிபெருக்கியில் கேட்டவை, முகத்தைப் பார்த்ததில்லை. டிசம்பர் முடியும்வரை ரேடியோ அறைச் சாவி என் பையில்தான்.

நேற்று இரவு உன் அம்மா சூப் ஊற்றும்போது, "செருப்பில்லாம போய் நின்னீங்களே, ஊர் என்ன சொல்லும்" என்றாள். பிறகு எலும்பில் பெரியதை என் கிண்ணத்தில் போட்டாள்.

முற்றம் காலியாக இருக்கிறது.

அப்பா


ஃப்ரூன்சே
9 நவம்பர் 1957

அப்பா,

உங்கள் கடிதத்தை விடுதிப் பெண்கள் பதினோரு பேருக்குப் படித்துக் காட்டினேன். செருப்பு வரும் இடத்தில் எல்லோரும் அழுதார்கள், நானும். முன்பு "ஒமுர்குல் அவர்களுக்கு" என்று எழுதினேனே, அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். வேண்டாம், வைத்திருங்கள். இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கட்டும்.

இரண்டாவது நிலாவில் ஒரு நாயை வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நீங்கள்தான் ஊருக்குச் சொல்லியிருப்பீர்கள். இங்கே எல்லோருக்கும் பெருமை. எனக்கும்தான். ஆனால் ராத்திரி படுத்தால் அதே நினைப்பு. பெரிய பெரிய ஆட்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள், படம் எடுத்தார்கள், பெயர் வைத்தார்கள், கதவை மூடினார்கள். அதனிடம் யாரும் கேட்கவில்லை. அது திரும்பி வராதாம்.

நான் திரும்பி வருகிறேன். சுயுஞ்சி, அப்பா! நவம்பர் இருபத்து நாலு, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானப் பேருந்தில் உங்கள் மகள் ஊருக்கு வருகிறாள். இது உங்கள் வீட்டுச் சந்தோஷம், அதனால் சரியான வாசலில்தான் கேட்கிறேன்.

குதிரை வேண்டாம், சால்வை வேண்டாம். டிசம்பர் வரை சாவி உங்களிடம்தானே இருக்கிறது? எனக்கு மைக் வேண்டும், பத்து நிமிடத்துக்கு. முதலில் மாட்டேன் என்று என் வாயாலேயே ஊருக்குச் சொல்லுவேன். நீங்கள் சொல்லியாயிற்று, ஆனால் அது என் சொல். பிறகு அந்த இந்தியப் பாட்டைப் பாடுவேன், நான் உண்டாக்கிய வார்த்தைகளோடேயே.

உங்களுக்கு ஆட்டுப்பட்டியைவிட மோசமான இடம் கிடைக்கலாம். யோசித்துச் சொல்லுங்கள். உங்களுக்குத்தான் நேரமாகுமே.

ஜீபெக்


கிசில்-தெரெக்
17 நவம்பர் 1957

ஜீபெக்,

யோசிக்கவில்லை.

மைக்கைத் துடைத்து வைத்துவிட்டேன். உன் அம்மா ரொட்டி சுட எண்ணெய் தேடிக்கொண்டிருக்கிறாள். முடியை அதற்குள் வளர்த்துக்கொண்டு வரச் சொல்கிறாள். முடியாது என்றேன். "சரி, தொப்பியாவது போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றாள். அது உன் இஷ்டம்.

நீ வருவது தலைவருக்குத் தெரிந்துவிட்டது. நேற்று தன் வீட்டுச் சுவரிலிருந்த கறுப்புத் தட்டின் கம்பியைப் பிடுங்கிவிட்டாராம். பரவாயில்லை. அவர் வாசலுக்கு நேர் எதிரே கம்பத்தில் பெரிய ஒலிபெருக்கி இருக்கிறது, காலையில் மாடுகளுக்காகவும் சேர்த்து அவரே வைக்கச் சொன்னது. அதைக் கீழே நின்று அணைக்க வழி கிடையாது. அதன் திருகு என் அறையில்தான் இருக்கிறது.

முழுக்கத் திருகி வைத்திருப்பேன்.

உன் அப்பா,
ஒமுர்குல்